வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள்

கேள்வி: மேடம், நாங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறோம். என் கணவர் தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறார், ஓய்வுக்கு இன்னும் ஏழு வருடம். மகன் இந்த வருடம் எச்.எஸ்.சி. சயன்ஸ் முடித்தான். 68 சதவீதம். ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வை மே மாதம் நடுவில் எழுதி 6 வாங்கியிருக்கிறான். மெல்போர்னில் கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். காட்கோபரில் ஒரு கன்சல்டன்ட், "இந்த மார்க்குக்கு யுனிவர்சிட்டியில் நேரடியாகக் கிடைக்காது, பாத்வே கல்லூரியில் எட்டு மாத டிப்ளமோ படித்தால் டிகிரியில் இரண்டாம் வருடத்துக்கே போய்விடலாம், எல்லாரும் பாஸ் ஆகிவிடுவார்கள்" என்கிறார். எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. டிப்ளமோவுக்கு 36,000 ஆஸ்திரேலிய டாலர், அப்புறம் டிகிரிக்கு வருடம் 41,000. அக்டோபரில் வகுப்பு, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டவேண்டுமாம். வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் கடன் வாங்கப்போகிறோம். என் கொழுந்தனாரோ, இது தேறாத பிள்ளைகளுக்கான கொல்லைப்புற வழி, நாளைக்கு வேலைக்குப் போனால் சிரிப்பார்கள் என்கிறார். மகனுக்கு டிசம்பரில்தான் 18 முடிகிறது. மார்க் ஷீட், ஆஃபர் லெட்டர் எல்லாம் இணைத்திருக்கிறேன். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். கட்டாதீர்கள். இந்தக் கல்லூரிகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை சேர்க்கை நடக்கிறது. அக்டோபர் போனால் பிப்ரவரி. தள்ளுபடி விற்பனை மாதிரி ஒரு கெடு சொல்லி வீட்டுப் பத்திரத்தை எடுத்து வரச் சொல்கிறார்கள் என்றால், கெடு தாண்டி ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்வார், பாருங்கள்.

உங்கள் கொழுந்தனார் சொல்வது சரியில்லை. பாத்வே கல்லூரி என்பது மோசடியும் இல்லை, கொல்லைப்புறமும் இல்லை. 1994-இல் பெர்த்தில் எடித் கோவன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஒரு சிறிய கல்லூரி தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு முதல் வருடப் பாடத்தைச் சின்ன வகுப்பில், கூடுதல் நேரம் கொடுத்து நடத்துவது, தேறினால் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அதுதான் இன்று பல நாடுகளில் இருக்கும் நாவிடாஸ் நிறுவனமாக வளர்ந்தது. டீக்கின் கல்லூரி, கர்ட்டின் கல்லூரி எல்லாம் அந்த வகைதான். மோனாஷ் பல்கலைக்கழகம் தானே ஒரு கல்லூரி வைத்திருக்கிறது. கடைசியில் கிடைக்கும் பட்டம் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். நேரடியாகப் போன பையனுக்கும் இவனுக்கும் பட்டச் சான்றிதழ் ஒன்றே. யாரும் சிரிக்கமாட்டார்கள்.

ஆனால் பாத்வே நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. உங்கள் பையனுக்கு அது தேவையா என்றுதான் பார்க்கவேண்டும். அதற்கு நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மார்க் ஷீட்: ஆங்கிலம் 76, ஐ.டி. 86, கணிதம் 57, இயற்பியல் 60, வேதியியல் 63, உயிரியல் 66. மொத்தம் 600-க்கு 408. நம் ஊர்க் கணக்குப்படி 68 சதவீதம், சரி. ஆனால் ஆஸ்திரேலியாவில் பல பல்கலைக்கழகங்கள் மொத்தத்தைப் பார்ப்பதில்லை, சிறந்த நான்கு பாடங்களின் சராசரியைப் பார்க்கின்றன. ஐ.டி.யையும் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் உங்கள் மகனுக்கு 72.75 வருகிறது. சேர்க்காத இடத்தில் 66.25. ஒரே பையன், ஒரே மார்க் ஷீட், ஆறரை சதவீத வித்தியாசம்! எந்தப் பாடத்தை எடுப்பார்கள், ஸ்டேட் போர்டுக்கு எவ்வளவு கேட்பார்கள், சி.பி.எஸ்.இ.க்கு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் 'இந்த மார்க்குக்குக் கிடைக்காது' என்று ஒரே வார்த்தையில் சொல்ல கன்சல்டன்டால் முடியாது. எத்தனை பல்கலைக்கழகத்தில் நேரடி சேர்க்கைக்கு விண்ணப்பித்தீர்கள், மறுத்த கடிதம் எங்கே என்று அவரிடம் கேளுங்கள். கடிதம் இருந்தால் காட்டுவார். இல்லையென்றால் பேச்சு வேறு பக்கம் போகும்.

அவர் உங்களிடம் பணம் வாங்காததில் தப்பில்லை. அவருக்குக் கமிஷன் கல்லூரி கொடுக்கிறது, இந்தத் தொழில் அப்படித்தான் நடக்கிறது. எந்தக் கல்லூரியோடு ஒப்பந்தம் இருக்கிறதோ அந்தக் கல்லூரிதான் அவர் வாயில் முதலில் வரும். மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்காரர் தன் கடைப் பூவைத்தானே எடுத்துக் காட்டுவார்?

இப்போது இரண்டாவது தாள், ஐ.இ.எல்.டி.எஸ். இதைப் பார்த்ததும்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 6, ரைட்டிங் 5.5. நான்கின் சராசரி 6.125, அதைக் கீழே இறக்கி 6 என்று போட்டிருக்கிறார்கள். நேரடி சேர்க்கைக்குப் பல இடங்களில் மொத்தம் 6.5 வேண்டும், எந்தப் பகுதியும் 6-க்குக் கீழே போகக்கூடாது. டிப்ளமோவுக்கு 5.5 இருந்தாலே போதும் என்கிற இடங்கள் நிறைய. ஆக, உங்கள் பையனை வெளியே நிறுத்தியிருப்பது எச்.எஸ்.சி. மார்க் மட்டும் இல்லை. ரைட்டிங்கில் குறைந்த அரை பேண்டும் (அந்தத் தேர்வில் மதிப்பெண்ணை பேண்ட் என்பார்கள்) சேர்ந்துதான் நிறுத்தியிருக்கிறது.

அந்த அரை பேண்ட் வந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். ரைட்டிங் 6 ஆனால் கூட்டினால் 25, நான்கால் வகுத்தால் 6.25. ஐ.இ.எல்.டி.எஸ். விதிப்படி கால் பேண்டில் முடியும் சராசரியை மேலே ஏற்றிவிடுவார்கள். மொத்தம் 6.5! இரண்டு நிபந்தனையும் ஒரே அடியில் தீர்ந்துபோகும். கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் 60 நாளுக்குள் ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி எழுத வசதி இருக்கிறது. மே நடுவில் எழுதினான் என்கிறீர்கள், ஜூலை நடுவரை நேரம் இருக்கிறது. அப்படி மறுபடி எழுதின மதிப்பெண்ணை எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்பதில்லை, நீங்கள் குறி வைக்கும் இடம் ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்காவிட்டால் முழுப் பரீட்சையையும் திரும்ப எழுதட்டும். அதற்குப் பதினெட்டாயிரம் ரூபாய் அளவில் ஆகும். நம் பிள்ளைகளுக்கு ரைட்டிங் இடிப்பது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். மனப்பாடம் செய்த முன்னுரையை எழுதிவிட்டுக் கேட்ட கேள்வியை விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் தினமும் ஒன்று எழுதித் திருத்தி வாங்கினால் 5.5 என்பது 6 ஆவது பெரிய மலை இல்லை.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நேரடியாகப் போனால் பணம் மிச்சமாகும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நேரடியாகப் போனால் மூன்று வருடம் 41,000 வீதம் 1,23,000 டாலர். டிப்ளமோ வழியில் 36,000, அப்புறம் இரண்டு வருடம் 82,000, மொத்தம் 1,18,000. டிப்ளமோதான் ஐயாயிரம் குறைவு. காலமும் கூடுவதில்லை. அதனால்தான் டிப்ளமோவை நான் அடியோடு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஃபவுண்டேஷன் என்று வேறொன்று உண்டு, அதைத் தலையில் கட்டினால் மட்டும் மறுத்துவிடுங்கள். அது பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான படிப்பு. முடித்தபின் டிகிரியில் முதல் வருடத்தில்தான் உட்காரவேண்டும். பன்னிரண்டாவது முடித்த பையனுக்கு முழுசாக ஒரு வருடமும் ஒரு வருடப் பணமும் கூடுதல். முலுண்டில் ஒரு குடும்பம், பையன் சி.பி.எஸ்.இ.யில் 81 சதவீதம், அவனை ஃபவுண்டேஷனில் சேர்த்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தார்கள். நான் என்ன செய்ய முடியும்? பெயர்கள் குழப்பும்போது கவனமாக இருங்கள். மோனாஷ் கல்லூரியில் டிப்ளமோவே பார்ட் 1, பார்ட் 2 என்று இரண்டாக வரும், அதில் பார்ட் 2 தான் டிகிரியின் முதல் வருடத்துக்குச் சமம். 'முடித்தால் எந்த வருடத்தில் உட்காருவான்?' இந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சரி, டிப்ளமோ ஐயாயிரம் குறைவு, காலமும் கூடவில்லை என்றால் சிக்கல் எங்கே? ஆஃபர் லெட்டரின் நான்காம் பக்கத்தில். அங்கே சின்ன எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், கன்சல்டன்ட் முதல் பக்கத்தைத்தான் காட்டியிருப்பார். டிப்ளமோவில் எட்டுப் பாடம், ஒவ்வொன்றிலும் 50 எடுத்தால் பாஸ். ஆனால் கம்ப்யூட்டர் சயன்ஸ் இரண்டாம் வருடத்துக்குப் போக எட்டுப் பாடத்தின் சராசரி 60 வேண்டும் என்று போட்டிருக்கிறது. பாஸ் ஒரு கோடு, மேலே ஏறுவது வேறு கோடு. 'எல்லாரும் பாஸ் ஆகிவிடுவார்கள்' என்று அவர் சொன்னதில் பொய் இல்லை. பாஸ் ஆனால் மட்டும் போதாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

இந்தக் கோட்டில் நானே ஒரு முறை வழுக்கியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் வடாலாவிலிருந்து ஒரு பையனை இன்ஜினியரிங் டிப்ளமோவுக்கு அனுப்பினேன். ஆஃபர் லெட்டரை முழுக்கப் படிக்கவில்லை. எட்டுப் பாடத்திலும் பாஸ், சராசரி 54. அவனுடைய அப்பா ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு என் ஆபீசுக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தார். அதே வாரம் கல்லூரியிலிருந்து மெயில்: இன்ஜினியரிங்குக்கு இடமில்லை, வேறு இரண்டு பட்டப்படிப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "பாஸ்னு போட்டிருக்கே மேடம்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றிலிருந்து எந்த ஆஃபர் லெட்டர் வந்தாலும் நான் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன்.

நேரடியாகச் சேர்ந்த பையன் ஒரு பாடத்தில் சறுக்கினால் மறுபடி எழுதலாம், பல்கலைக்கழகத்துக்குள்ளேதான் இருப்பான். டிப்ளமோவில் நடுவே ஒரு வாசல் நிற்கிறது. அந்த ஐயாயிரம் டாலருக்கு நீங்கள் கொடுக்கும் விலை அதுதான். ஒரு பாடம் போனால் திரும்பப் படிக்க அந்தப் பாடத்தின் கட்டணம் மறுபடி கட்டவேண்டும். 36,000-த்தை எட்டால் வகுத்தால் 4,500 டாலர். கணக்குக்கு ஒரு டாலர் 60 ரூபாய் என்று வைத்தால் 2,70,000 ரூபாய். கணிதத்தில் 57 வாங்கின பையன் புரோகிராமிங்கையும் கணிதத்தையும் எட்டே மாதத்துக்குள் அடைத்துப் படிக்கப்போகிறான் என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. டிப்ளமோதான் என்று முடிவானால் எட்டு மாதத்தில் வேண்டாம். அதே டிப்ளமோவைப் பன்னிரண்டு மாதத்தில் நடத்தினால் அதை வாங்குங்கள். கட்டணம் பொதுவாக அதேதான், மூச்சு விட நேரம் கிடைக்கும்.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். ஆண்டாப் ஹில்லில் இருந்து ஒரு பெண் போனாள். படிப்பில் கெட்டி, ஆனால் வகுப்பில் வாயைத் திறக்கமாட்டாள். நானூறு பேர் உட்காரும் லெக்சர் ஹாலில் போட்டிருந்தால் தொலைந்துபோயிருப்பாள். டிப்ளமோ வகுப்பில் முப்பது பேர், ஆசிரியருக்கு அவள் பெயர் தெரியும், ஒரு வாரம் வராவிட்டால் போன் வரும். இரண்டாம் வருடம் போனபோது அங்கே முதலிலிருந்து படித்தவர்களைவிடத் தெளிவாக இருந்தாள். உங்கள் பையன் எப்படிப்பட்டவன் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தானே எழுந்து, தானே சமைத்து, தானே படிப்பானா, இல்லை யாராவது பின்னாலேயே நிற்கவேண்டுமா? பின்னால் நிற்கவேண்டும் என்றால் டிப்ளமோவுக்கு என் ஓட்டு கொஞ்சம் கூடும்.

வயது விஷயம் யாரும் உங்களிடம் பேசியிருக்கமாட்டார்கள். 18 நிறையாதவன் அக்டோபரில் போனால், அங்கே கல்லூரி ஒப்புக்கொண்ட ஏற்பாட்டில் தங்கவேண்டும், அல்லது பெற்றோரோ தகுதியுள்ள உறவினரோ கூட இருக்கவேண்டும். விசாவிலேயே அந்த நிபந்தனை உண்டு. இரண்டு மாதத்துக்காக கார்டியன் கட்டணம், ஹோம்ஸ்டே என்று தனிச் செலவு. பிப்ரவரியில் போனால் டிசம்பரிலேயே 18 முடிந்திருக்கும், இந்தத் தலைவலியே இல்லை. ஆஸ்திரேலியாவில் பல்கலைக்கழக வருடம் தொடங்குவதும் பிப்ரவரி கடைசி, மார்ச் முதல்தான். எல்லாக் கணக்கும் பிப்ரவரிக்கே வந்து நிற்கிறது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. விசாவுக்கு முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் போக, வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர், ஏறக்குறைய 18 லட்சம் ரூபாய், காட்டவேண்டும். விசா கட்டணமே 2025 ஜூலையிலிருந்து 2,000 டாலர். விசா மறுத்தால் அது திரும்பி வராது. படிப்பு தொடங்குவதற்கு முன்னால் விசா மறுத்தால் கல்லூரிக்குக் கட்டின கட்டணத்தைத் திருப்பித் தர அங்கே சட்டம் இருக்கிறது. 500 டாலர் அல்லது 5 சதவீதம், இதில் எது குறைவோ அதை மட்டும்தான் பிடிக்கலாம். 'எங்கள் ஆபீஸ் மூலமாகக் கட்டுங்கள்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பேங்க்கிலிருந்து நேரே கல்லூரிக் கணக்குக்குப் போகட்டும், திருப்பி வாங்கும் நாள் வந்தால் அந்த ரசீதுதான் பேசும். பேங்க் கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டி.சி.எஸ். (பணம் அனுப்பும்போதே பேங்க் பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை. கடன் இல்லாமல் சொந்தப் பணத்தை அனுப்பினால் வருடத்துக்குப் பத்து லட்சம் வரைதான் அந்தச் சலுகை. கடன் கேட்கும்போது டிப்ளமோவையும் டிகிரியையும் சேர்த்த பேக்கேஜ் ஆஃபரைக் கொண்டுபோங்கள், இரண்டும் ஒரே அனுமதிக் கடிதத்தில் இருக்கவேண்டும். டிப்ளமோவுக்கு மட்டும் கொடுத்துவிட்டு 'டிகிரிக்கு அப்புறம் பார்க்கலாம்' என்றால் நடு ஆற்றில் நிற்பீர்கள். பையன் அங்கே பகுதி நேர வேலை பார்த்து அடைத்துவிடுவான் என்ற நம்பிக்கை வேண்டாம். வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் அனுமதி, அது சாப்பாட்டுக்கும் வாடகையில் ஒரு பங்குக்கும் சரியாகப் போகும்.

அப்புறம், 'போய்ச் சேரட்டும், பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாம்' என்றும் சொல்வார்கள். பேக்கேஜில் டிகிரிதான் முதன்மைப் படிப்பு. அந்த டிகிரியில் ஆறு மாதம் முடிக்கும்வரை வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்குக் கல்லூரியே விடுவிக்கவேண்டும். அவ்வளவு லேசில் விடமாட்டார்கள். அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பாத்வேயில் நுழைகிறானோ அந்தப் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் செய்யவேண்டியது: மகனை உட்காரவைத்து அவன் கையாலேயே மூன்று நான்கு மெல்போர்ன் பல்கலைக்கழகங்களின் சர்வதேச சேர்க்கைப் பிரிவுக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். நீங்களோ கன்சல்டன்டோ எழுதித் தரவேண்டாம். மார்க் ஷீட்டை இணைத்து, 'மகாராஷ்டிர எச்.எஸ்.சி.க்கு எந்த நான்கு பாடங்களை எடுப்பீர்கள், ஐ.டி. சேருமா, என் மதிப்பெண்ணுக்கு பிப்ரவரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முதல் வருடம் கிடைக்குமா, ரைட்டிங் மட்டும் மறுபடி எழுதினால் ஏற்பீர்களா' என்று நான்கே வரி. பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் பதில் வந்துவிடும். கூடவே ரைட்டிங் பயிற்சி தொடங்கட்டும். ஒரு இடமாவது சரி என்றால் அதைப் பிடியுங்கள். எல்லாரும் மறுத்தால் அதே டிப்ளமோவை, பன்னிரண்டு மாதமாக, பிப்ரவரிக்கு வாங்குங்கள். அப்போது மறுப்புக் கடிதங்கள் உங்கள் கையில் இருக்கும், மனசில் உறுத்தல் இருக்காது.

வீட்டுப் பத்திரத்தைப் பற்றி உங்கள் கணவர் என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. ஏழு வருடத்தில் ஓய்வு என்கிறீர்கள். 1,18,000 டாலர் என்றால் 60 ரூபாய்க் கணக்கில் கட்டணம் மட்டுமே எழுபது லட்சத்தைத் தாண்டுகிறது. இங்கே மும்பையிலேயே ஒரு டிகிரியை முடித்துவிட்டு மாஸ்டர்ஸுக்குப் போனால் வெளிநாட்டில் இரண்டு வருடச் செலவோடு முடியும். பையனுக்கு இது பிடிக்காது, தெரியும். இருந்தாலும் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். எழுதுவதை அவன் கையில் கொடுங்கள். பல்கலைக்கழகங்களின் பதில் வந்ததும் அதையும் ஆஃபர் லெட்டரின் நான்காம் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.